வாசகர் கையில் கைபேசி: கிளை நூலகர் செய்ய வேண்டியவை

கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கதவு திறப்பது, நாளிதழை அடுக்குவது, இரவல் பதிவது, சந்தா வாங்கிக் கணக்கு எழுதுவது எல்லாம் அவர்தான். பெரிய நூலகங்களுக்குக் கணினிப் பிரிவும் அதற்கான ஆட்களும் உண்டு. இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஒரு கைபேசி, விட்டு விட்டு வரும் இணையம், மாலையில் கிடைக்கும் அரை மணி நேரம், இவ்வளவு மட்டுமே கையில் உள்ளவருக்காக எழுதப்பட்டது.

1931 இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகரைத் தேடி நூலகம் போவது நமக்குப் பழக்கமான வேலை. ஆனால் அந்த வண்டியில் வந்ததை வாசகர் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. இன்றைய வாசகர் திருப்பிப் பேசுகிறார். ‘இந்தப் புத்தகம் ஏன் வாங்கவில்லை’ என்று கேட்கிறார், பட்டியலில் பெயர் தப்பாக இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறார், வீட்டுப் பரணில் கிடந்த பள்ளி ஆண்டு மலரைப் படம் பிடித்து அனுப்புகிறார். 2005 இல் அமெரிக்க நூலகர் மைக்கேல் கேசி இந்த மாற்றத்துக்கு ‘நூலகம் 2.0’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை. அது சுட்டிய மாற்றம் மட்டும் நிலைத்துவிட்டது.

வாசகர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தெரிந்த நூலகர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டதை நூலகத்தின் பதிவில் சேர்ப்பவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் வந்த நல்ல கேள்வியும் அதற்குத் தேடிக் கொடுத்த பதிலும் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகின்றன. எந்த ஊடகத்தில் உழைத்தாலும் அந்த உழைப்பு நூலகத்திடமே தங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் இதற்காகத்தான்.

முதலில் வரைபடம்

முகநூல் பக்கம் தொடங்குவதற்கு முன் கூகுள் மேப்பில் உங்கள் நூலகத்தைத் தேடிப் பாருங்கள். பல கிளை நூலகங்களின் இருப்பிடத்தை யாரோ ஒரு வாசகர்தான் குறித்து வைத்திருப்பார். நேரம் தப்பாக இருக்கும், விடுமுறை நாள் இருக்காது, பழைய வாடகைக் கட்டடத்தின் படம் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு நூலகத்தின் சார்பில் உரிமை கோரித் திருத்துங்கள். காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மாலையில் எப்போது, வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்றால் அது, எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வெயிலில் பேருந்து ஏறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் அடுத்த முறை வருவது சந்தேகம்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் ரங்கநாதனின் நான்காம் விதிக்கு இதைவிட மலிவான செயல்முறை எனக்குத் தெரியவில்லை.

எண் யாருடையது?

நூலகரின் சொந்த எண்ணில்தான் பல கிளைகளின் வாட்ஸ்அப் வேலை நடக்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் எண்ணும் அவரோடு போய்விடும். வாசகர்கள் பழைய நூலகரையே கேட்டுக்கொண்டிருப்பார்கள், புதிதாக வந்தவர் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் நூலகத்துக்கென்று தனி எண் வேண்டும். தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தொடங்கலாம். சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பின் மூலம் சொல்வார்கள். அது இல்லையென்றால் தனி சிம் வாங்க வேண்டும். சிம் யார் பெயரில் இருக்க வேண்டும், ரீசார்ஜ் செலவை எந்தக் கணக்கில் எழுதலாம் என்பதை மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும், பிறகு நூலகத்தைக் கேட்டு வரும் செய்திகள் முகம் தெரியாத ஒருவரைச் சென்றடையும்.

பிசினஸ் செயலி இலவசம். முகவரியும் வேலை நேரமும் அதில் நிரந்தரமாக இருக்கும். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை எழுதி வைத்து ஒரு தட்டலில் அனுப்பலாம். உறுப்பினராக என்ன ஆவணம் வேண்டும், எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், தாமதக் கட்டணம் எவ்வளவு என்ற நான்குக்கும் பதில் எழுதி வைத்தாலே வேலை பெரிதும் குறையும். நூலகம் மூடிய பிறகு வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலையும் அமையுங்கள். இரவு பதினோரு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும் என்ற பழக்கத்தை வாசகருக்கு ஏற்படுத்த வேண்டாம். நூலகருக்கும் வீடு உண்டு.

குழு வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்

உறுப்பினர் எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குழுவில் ஒருவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று அமைத்தாலும் உறுப்பினர் பட்டியல் திறந்தேதான் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளம்பெண் தன் எண்ணைக் கொடுத்தது நூலகத்துக்கு. முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்ணை எடுத்து ‘ஹாய்’ என்று அனுப்பினால், அந்தப் பெண் நூலகத்தை நம்பியது வீணாகிவிடும். பல பெண்கள் இதை வந்து புகார் சொல்ல மாட்டார்கள். மெல்ல வருவதை நிறுத்திவிடுவார்கள்.

பொது அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் சேனல் பொருத்தமானது. இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த வசதி இது. பின்தொடர்பவர் ஒருவரின் எண் மற்றொருவருக்குத் தெரியாது. புதிய வரவு, விடுமுறை, வாசகர் வட்டக் கூட்டம் எல்லாவற்றையும் அதில் போடலாம். சேனலின் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு இரவல் மேசையில் ஒட்டுங்கள். தனித்தனியாகச் சேர வேண்டிய செய்திக்கு ஒலிபரப்புப் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் உறுப்பினர் அட்டை கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசகர் வட்டத்துக்கு மட்டும் குழு வைக்கலாம். அங்கே எல்லோரும் நேரில் பழகியவர்கள், சம்மதித்துச் சேர்பவர்கள். அரசியல் பதிவு, வணிக விளம்பரம், காலை வணக்கம் மூன்றும் கூடாது என்பதைக் குழுவின் விளக்கத்திலேயே எழுதி, முதல் நாளிலிருந்து கடைப்பிடியுங்கள்.

இன்னொன்று. யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது நூலகத்துக்குள் இருக்க வேண்டிய தகவல். ‘இந்த மாதம் அதிகம் படித்தவர்’ என்று பெயர் போட்டுப் பாராட்டுவதாக இருந்தாலும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழந்தைகளின் படத்தைப் போடுவதற்குப் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். 2023 இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. உறுப்பினர் படிவத்தையும் ஆதார் நகலையும் படம் எடுத்து எங்கும் அனுப்பாதீர்கள்.

படத்துக்குள் பூட்டிய செய்தி

நம் நூலகங்களின் பதிவுகளில் பெரும்பாலானவை சுவரொட்டிப் படங்கள். நாள், நேரம், பேச்சாளர் பெயர், தலைப்பு எல்லாம் அலங்கார எழுத்தில் படத்துக்குள்ளேயே இருக்கும். கீழே ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு அதே பேச்சாளரின் பெயரைத் தேடினால் முகநூலின் தேடலில் அந்தப் பதிவு வருவது அரிது. பார்வையற்ற வாசகர் டாக்பேக் வழியாகக் கைபேசியைக் கேட்டுப் பயன்படுத்துபவர் என்றால், அவருக்கு அது வெறும் ‘படம்’. படம் போடுவதில் தவறில்லை. படத்தில் உள்ள அத்தனையையும் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

அந்த எழுத்து ஒருங்குறியில் இருக்க வேண்டும். கைபேசியில் தட்டச்சு செய்வது எல்லாம் ஒருங்குறிதான், அதில் சிக்கல் இல்லை. அலுவலகக் கணினியில் பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் இருந்தால் அவற்றை மாற்றியாக வேண்டும். வேறு கணினியில் திறந்தால் அவை புரியாத குறிகளாகத் தெரியும், தேடினால் எதுவும் வராது. 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபின்பும் பல அலுவலகங்களில் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாற்றிய பின் ஒரு பக்கத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பட்டியலுக்கு உயிர் கொடுப்பது

முழு நூலக மென்பொருள் வேண்டும் என்றால் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற வட்டாரத்தின் பொது நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. தமிழில் பதியலாம், தேடலாம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். தனி நூலகர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கூகுள் ஷீட்டில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, நூற்பதிவு எண், அலமாரி என்று ஆறு பத்திகள் போட்டு, பார்க்க மட்டும் அனுமதிக்கும் இணைப்பை வாசகருக்குக் கொடுத்தால் போதும். எல்லாப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் ஏற்ற முயன்றால் பாதியில் நின்றுவிடும். இந்த ஆண்டு வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். திரும்பி வரும் இரவல் புத்தகங்களை அலமாரியில் வைக்கும் முன் ஒவ்வொன்றாகச் சேருங்கள். இப்படிச் செய்தால், உண்மையில் படிக்கப்படும் புத்தகங்கள் முதலில் பட்டியலில் ஏறிவிடும்.

தமிழ்ப் பட்டியலில் பெயர்தான் பெரிய பொறி. ஜெயகாந்தனைச் செயகாந்தன் என்று எழுதுவோர் உண்டு. தி. ஜானகிராமனை வாசகர் தி.ஜா. என்றே கேட்பார். சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன், கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. ‘கல்கி’ என்று தேடினால் எழுத்தாளரும் வருவார், வார இதழும் வரும். அதனால் ஏழாவதாக ஒரு பத்தி சேர்த்து ‘வேறு பெயர்கள்’ என்று தலைப்பிடுங்கள். வாசகர் எந்தப் பெயரால் கேட்கிறாரோ அந்தப் பெயரை, எழுத்துப்பிழையோடு கேட்டால் அந்தப் பிழையோடு, அதில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளே இந்தப் பத்தியை நிரப்பிக் கொடுக்கும். சமூக ஊடகம் பட்டியலைச் செழுமைப்படுத்தும் இடம் இது. எந்த மென்பொருளும் தானாக இதைச் செய்யாது.

‘பி.டி.எஃப். இருக்கா சார்?’

தினமும் வரும் கேள்வி. டெலிகிராமில் நேற்று வெளியான நாவல்கூட இலவசமாகச் சுற்றுகிறது. நூலகர் அந்தக் கோப்பை அனுப்பக் கூடாது. பதிப்பாளரும் எழுத்தாளரும் வாழ்ந்தால்தான் நமக்கு அடுத்த ஆண்டு வாங்கப் புத்தகம் இருக்கும். ஆனால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் வாசகர் டெலிகிராமுக்கே திரும்புவார். முறையாகக் கிடைப்பது எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கல்கி மறைந்தது 1954, புதுமைப்பித்தன் மறைந்தது 1948. இருவரின் எழுத்தும் இன்று எல்லோருக்கும் பொது. பாரதியின் படைப்புரிமையை 1949 இல் அரசே பெற்றது, அதன்பின் பல எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை. மூல நூல் பொதுவானது என்றாலும், இப்போதைய பதிப்பில் உள்ள முன்னுரை, குறிப்பு, ஓவியம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை இருக்கலாம். கடையில் விற்கும் பதிப்பை அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள்.

கைகாட்ட வேண்டிய இடங்களை ஒரு செய்தியாக எழுதி விரைவுப் பதிலில் சேமித்து வையுங்கள். கல்யாணசுந்தரம் என்பவர் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை தட்டச்சு செய்த நூல்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய அச்சு நூல்களும் சுவடிகளும் கிடைக்கும். விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் எழுத்தாகவே இருப்பதால் தேட முடியும். இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் வேண்டுமென்றால் ‘நூலகம்’ நிறுவனத்தின் தளம்.

‘இது உண்மையா?’

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் இன்று பல கிளைகளில் அதிக நேரம் உட்காரும் வாசகர்கள். போலி வேலை அறிவிப்பு அவர்களைத்தான் முதலில் தேடி வருகிறது. விண்ணப்பக் கட்டணம் கேட்கும் இணைப்பு, தேதி மாற்றிய அறிவிக்கை, ‘விடைக்குறிப்பு வெளியானது’ என்ற செய்தி என்று நாள்தோறும் வரும். தேர்வாணையத்தின் சொந்தத் தளத்தில் இல்லாத எதையும் சேனலில் போடாதீர்கள். இருப்பதைப் போடும்போதும் பார்த்த தேதியையும் அந்தப் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துப் போடுங்கள். அரசுத் திட்டங்கள் பற்றிய வதந்திகளுக்கு மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம் விளக்கம் வெளியிடுகிறது. பழைய படத்தைப் புதிய செய்தியோடு ஒட்டி அனுப்பியிருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு அந்தப் படம் முன்பு எங்கே வந்தது என்று பாருங்கள்.

அப்துல் கலாம் சொன்னதாகவும் பாரதி பாடியதாகவும் வரும் வரிகளுக்கு லென்ஸ் போதாது. அலமாரிக்குத்தான் போக வேண்டும். முழுத் தொகுப்பை எடுத்து, இருந்தால் பக்க எண்ணோடு பதில் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘நம்மிடம் உள்ள இந்தப் பதிப்பில் இல்லை’ என்று, அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இந்த வேலை கூடியிருக்கிறது. எழுத்தாளர் பெயர் சரியாக இருக்கும், அவர் எழுதாத நாவலின் பெயர் பக்கத்தில் இருக்கும். அப்படி ஒரு பட்டியலோடு வரும் மாணவரைத் திட்டி அனுப்பாமல், பதிப்பாளர் பட்டியலிலும் நூலகப் பட்டியலிலும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழியை அவரையே செய்ய வைத்துக் காட்டுங்கள். அடுத்த முறை அவரே சரிபார்ப்பார்.

பதில் சொன்ன கேள்வியை ஒரு ஷீட்டில் பதியுங்கள். தேதி, கேள்வி, பதில், நூல், பக்கம். கேட்டவர் பெயர் வேண்டாம். இரண்டு ஆண்டு ஓடினால் உங்கள் ஊருக்கு என்ன புத்தகம் வாங்க வேண்டும் என்பதை அந்த ஷீட்டே சொல்லும். லைக் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

ஊரின் தாள்கள்

2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை ஃபிளிக்கர் படத்தளத்தில் போட்டது. பார்த்தவர்கள் இடத்தை அடையாளம் சொன்னார்கள், ஆண்டைத் திருத்தினார்கள், நூலகர்கள் சரிபார்த்துத் தங்கள் பதிவுகளைத் திருத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களின் எழுத்துணரிப் பிழைகளைத் திருத்தப் பொதுமக்களையே அழைத்தது. அந்த வேலை இன்றும் நடக்கிறது. நம் அளவுக்கு இதைச் செய்யலாம். மாதம் ஒரு பழைய படத்தைப் போட்டு ‘இது எந்தத் தெரு, யார் இவர்கள்’ என்று கேளுங்கள். வரும் பதில்களைப் படத்தோடு பதியுங்கள். இருவர் மாறுபட்டுச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழையும் துண்டறிக்கையையும்கூடச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பே 1994 இல் ஆராய்ச்சி நூலகமானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் நினைவு மலரையும் சிறு பத்திரிகையையும் பாடசாலை மலரையும் தேடித் தேடிச் சேர்க்கிறது. ஒரே பிரதி எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறது என்ற அச்சம் அதை நடத்துபவர்களுக்குத் தெரியும். உங்கள் ஊரின் தேர்த் திருவிழா நோட்டீஸும் கூட்டுறவு சங்க ஆண்டறிக்கையும் வேறெந்த நூலகத்திலும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கி வரும். அதனால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். யார் கொடுத்தார், எந்த ஆண்டு, இணையத்தில் போடலாமா என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கட்டுரைக்குப் போய்ப் பாருங்கள். சான்று இல்லாத வாக்கியங்கள் இருக்கும். அலமாரியில் உள்ள தல வரலாறு, மாவட்ட விவரச்சுவடி, ஊர் மலர் ஒன்றிலிருந்து நூற்பெயரும் பக்கமும் கொடுத்து ஒரு சான்று சேருங்கள். உலக அளவில் நூலகர்கள் 2016 முதல் ஆளுக்கொரு சான்று சேர்க்கும் இயக்கம் நடத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு கணக்கும் பத்து நிமிடமும்தான்.

வாடகை வீடு

ஆர்குட் 2014 இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 இல் போனது. 2020 ஜூன் மாத இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் உழைத்துச் சேர்த்த பார்வையாளர்களைப் பலர் ஒரே நாளில் இழந்தார்கள். ட்விட்டரின் பெயரும் விதிகளும் 2023 இல் மாறின. இவையெல்லாம் வாடகை வீடுகள், காலி செய்யச் சொல்வது உரிமையாளர் கையில். குடியிருங்கள், ஆனால் பத்திரங்களை அங்கே வைக்காதீர்கள்.

மாதக் கடைசி வேலை நாளில் அரை மணி ஒதுக்குங்கள். சேனலில் போட்ட அறிவிப்புகளை ஒரு கோப்பில் ஒட்டுங்கள். கேள்விப் பதிவேட்டையும் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்குங்கள். ஊர்ப் படங்களை ஆண்டு வாரியாகக் கோப்புறையில் வையுங்கள். ஒரு பிரதி நூலகக் கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று மாவட்ட மைய நூலகத்தில் இருக்கட்டும். முகநூல் பக்கத்துக்கு நிர்வாகிகள் இரண்டு பேர் இருக்க வேண்டும்.

மாறுதல் ஆணை வந்தால் சார்ஜ் ஒப்படைக்கும் பட்டியலில் நாற்காலி, அலமாரி, புத்தக எண்ணிக்கையோடு இவற்றையும் எழுதுங்கள்: நூலக எண்ணின் சிம், அந்த எண்ணின் ஆறிலக்க இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு, மின்னஞ்சலும் அதன் கடவுச்சொல்லும், சேனல், முகநூல், மேப் பக்கங்களின் நிர்வாகிகள் யார் என்பது, ஷீட்டுகளின் இணைப்பு, பென்டிரைவ். கடவுச்சொற்களும் குறியீடும் உறையில் உள்ளன என்று மட்டும் பட்டியலில் எழுதி, அவற்றைத் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். புதிய நூலகர் உங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் திறந்து பார்த்து, கடவுச்சொற்களை மாற்றிய பிறகு இருவரும் கையெழுத்திடுங்கள்.